உப்பு ஏற்றிய 407: கேபின் இணைப்புகளை அடைப்பதா, திறந்து விடுவதா?

முத்துநகர் 407:
தூத்துக்குடி உப்பளங்களுக்கு ஓடிய 2003 டாடா 407 சிறு லாரி ஒன்றை வாங்கியிருக்கிறேன். என்ஜின் நன்றாக இருக்கிறது, கேபின்தான் கவலை. முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி, தரைத்தகரம் முன்சுவரோடு சேரும் இடம், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய் ஆகிய மூன்றிலும் பழைய சீலர் (இணைப்பை அடைக்கும் பசை) காய்ந்து வெடித்துவிட்டது. கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பட்டி பூசினால் போதும் என்கிறார் தகர வேலை செய்யும் டிங்கர். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) நெருங்குகிறது. போதுமா?

சேலம் பெயிண்டர்:
போதாது. பட்டி பள்ளத்தை நிரப்பும் பொருள். இணைப்பில் வைத்தால் கல்லாகக் காய்ந்து நிற்கும். சாலைக் குழியில் கேபின் முறுக்கும்போது இரண்டு தகரங்களும் சற்றே அசைய, பட்டியில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசலே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பட்டியே ஈரத்தைக் குடிக்கக்கூடியது என்பது வேறு.

பழைய சீலருக்குச் சூடு காட்டிச் சுரண்டி எடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும் முன்பே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். துரு நீங்கி வெறும் தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு எபாக்சி பிரைமர், அதன்மேல் பாலியூரித்தேன் சீலர், பிறகு பெயிண்ட். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விட்டால் ஈரம் அதை ஊடுருவும். எபாக்சிதான் உண்மையில் தடுப்பு.

நாமக்கல் லாரிக்காரர்:
சேலத்து அண்ணன் சொல்வது புதுத் தகரத்துக்குப் பொருந்தும். இது ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பழைய தகரம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் துருவை எந்த பிரஷ் தொடும்? எந்த எபாக்சி உள்ளே போகும்? அதை அப்படியே வைத்து மேலே அடைப்பது சீழ் எடுக்காத புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான். நாங்கள் அடைப்பதே இல்லை. மழைக்கு முன் கிரீஸில் எண்ணெய் கலந்து சூடாக்கி மடிப்புகளுக்குள் ஊற்றுவோம். வண்டி சம்பாதிக்க வேண்டியது, கண்காட்சிக்குப் போவதில்லை.

சேலம் பெயிண்டர்:
கதவின் உட்புறத்துக்கும் படிக்கட்டுக் குழிவுக்கும் எண்ணெய் சரி. கண்ணாடிச் சட்டத்தில் ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும். தரையில் ஊற்றினால் அது பெடல் பக்கம் கசிந்து ஓட்டுநரின் கால் வழுக்கும். பிறகு என்றைக்காவது பெயிண்ட் அடிக்க நினைத்தால் அந்த இடமெல்லாம் மீன்கண் போலப் பிளந்து விலகும். அப்போது திட்டு வாங்குவது நாங்கள்தான்.

கடலோரத்தான்:
இருவரும் உப்பை மறந்துவிட்டீர்கள். இது உப்பு சுமந்த வண்டி. மடிப்புக்குள் உப்பின் குளோரைடு தங்கியிருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எபாக்சியோ எண்ணெயோ, அடியில் துரு மீண்டும் தொடங்கும். முதல் வேலை நல்ல தண்ணீர். அழுத்தத்தில் பீய்ச்சி அலசி, காய விட்டு, மறுபடி அலச வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கடைசியில் வெயிலில் முழுக்கக் காய வேண்டும், ஏனென்றால் ஈரத் தகரத்தில் பாலியூரித்தேன் வைத்தால் கரியமில வாயு கிளம்பிக் குமிழ் விடும்.

துருமாற்றித் திரவத்தை மடிப்புக்குள் ஊற்றச் சொல்வோர் உண்டு. அதில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். திறந்த தகரத்தில் அலசிவிடலாம், மடிப்புக்குள் அலச முடியாது. எஞ்சிய அமிலத்தின்மேல் எபாக்சி பிடிக்காது.

முத்துநகர் 407:
ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் மலிவாகக் கிடைக்கிறதே?

சேலம் பெயிண்டர்:
குளியலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது இரும்பை அரிக்கும். எந்தச் சிலிக்கானானாலும் மேலே பெயிண்ட் நிற்காது, சுரண்டி எடுத்த பிறகும் அதன் மிச்சம் தொல்லை கொடுக்கும்.

இன்னொன்று, பாலியூரித்தேன் சீலரை விரலால் நீவும்போது ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொள்ளாதீர்கள். ஆல்கஹால் பட்டால் சீலர் சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

நாமக்கல் லாரிக்காரர்:
அண்ணன் இறுகும் நேரத்தைச் சொல்லவில்லையே. அது வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் சரக்கு. நாளுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். கனமாக வைத்தால் நாட்கணக்கில் வண்டி பட்டறையில் நிற்கும். 8 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வருகிறது. ஒவ்வொரு முறையும் இப்படி நிறுத்தினால் வாடகை யார் தருவார்?

சேலம் பெயிண்டர்:
கனமாக வைக்கச் சொன்னது யார்? மெல்லிய பட்டையாக வைத்து, இரண்டு தகரத்தையும் பிடிக்கும்படி நீவ வேண்டும். தூத்துக்குடியின் ஈரக்காற்றில் அது சீக்கிரமே தோல் கட்டும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. ஆண்டுதோறும் வெடிப்பது அந்த டிங்கர் சொன்ன பட்டிதான்.

கடலோரத்தான்:
நாமக்கல்காரர் கேட்டதில் ஒன்று பாக்கி நிற்கிறது: நடுவில் இருக்கும் துரு. விளிம்பு ஊதி, தகரங்கள் விலகி நிற்கும் இடத்தில் சீலர் எதையும் காப்பாற்றாது. அங்கே ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துப் பிரித்து, இரு முகங்களையும் சுத்தம் செய்து, வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் அடித்து மறுபடி பற்றவைக்க வேண்டும். ஊதாத இடத்தைப் பிரிக்கத் தேவையில்லை. சீலர் தண்ணீரையும் காற்றையும் குறைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முத்துநகர் 407:
இன்று சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தேன். கூரையும் கண்ணாடிச் சட்டமும் கணீரென்றன. ஓட்டுநர் பக்கத் தரை ஓரம் மட்டும் ஊதியிருக்கிறது. அங்கே பிரித்துப் பற்றவைக்கிறேன், மற்ற இரண்டிலும் எபாக்சியும் சீலரும். கதவின் கீழ்மடிப்பையும் சுற்றி அடைத்துவிடட்டுமா?

சேலம் பெயிண்டர்:
வெளி மடிப்பில் மெல்லிய கோடாக மட்டும். அடியில் உள்ள வடிகால் துளைகளில் சீலர் பட்டால் உடனே குத்தி எடுத்துவிடுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், வெளியேற அந்த வழி வேண்டும்.

நாமக்கல் லாரிக்காரர்:
நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான், தண்ணீருக்கு வழி விடுங்கள். கூரையை அடைப்பதில் எனக்குத் தடையில்லை. தரையை நான் அடைக்க மாட்டேன். நீங்கள் அடைப்பதானால் ரப்பர் பாயைத் தினமும் தூக்கிக் காயப்போட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். உப்பளத்திலிருந்து ஏறும் ஈரக் கால் அந்தப் பாய்க்கு அடியில்தான் தண்ணீரை விடும், உங்கள் சீலர் அதை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும்.