பெரிய கோயில் நிழல் தரையில் விழாதாம்! நான் நின்றது எதில் என்று சொல்லுங்கள்

நுணல் | காலை 7.40
குடும்பக் குழுவில் இன்றும் வந்துவிட்டது. "வியப்பூட்டும் 25 தகவல்கள், தமிழனாக இருந்தால் பகிருங்கள்" என்று ஒரு பட்டியல். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். சரி, உண்மைதான். வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி வகை. அதுவும் சரி. பதினேழாவதாக நம்ம ஆள் வந்து நிற்கிறார்: "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது."

போன டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். மதியம் பன்னிரண்டேகால் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தால் தரை தோசைக்கல். சின்னவள் ஒற்றைக் காலில் குதிக்கிறாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விமானத்துக்கு வடக்குப் பக்கம் ஓடினேன். அங்கே தரை சில்லென்று இருந்தது. ஏற்கெனவே பத்துப் பேர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தது எதில்? ராஜராஜன் குடை பிடித்தானா?

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு எல்லாவற்றிலும் குற்றம்" என்று சொல்லிக் குழுவை விட்டே போய்விட்டார்.

மேலவீதிக்காரர் | 8.15
நான் பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர் மேலவீதி. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். நிழல் *உச்சி வேளையில்* விழாது என்பதுதான் பெரியவர்கள் சொன்னது. அந்த இரண்டு சொல்லை வசதியாக மறந்துவிட்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் தரை தோசைக்கல்லாம்! டிசம்பரில் நாங்கள் போர்வை தேடுகிறோம்.

சோழமண்டலம்1010 | 8.22
216 அடி விமானம். 1010இல் குடமுழுக்கு. கிரேன் இல்லை, கணினி இல்லை. உச்சியில் 80 டன் ஒரே கல். இன்றைய எஞ்சினியர்கள் கட்டிய பாலம் ஒரு மழைக்குத் தாங்குவதில்லை. இவர்கள் நிழலில் குறை காண்கிறார்கள். அந்நிய மோகம்.

நுணல் | 8.31
அண்ணே, நிழலில் குறை காணவில்லை. நிழலைக் கண்டேன். அதுதான் குறை.

மேலவீதிக்காரர் ஐயா, பட்டியலில் "விழவே விழாது" என்றுதான் இருக்கிறது. உச்சி வேளை என்பது நீங்கள் இப்போது ஒட்டவைத்த வால். சரி, வாலையும் எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டேகால் உச்சி வேளை இல்லையா?

மேலவீதிக்காரர் | 8.40
இல்லை. உச்சி என்றால் 12.00. பன்னிரண்டேகாலுக்குச் சூரியன் சாய்ந்துவிடும். இதுகூடத் தெரியாமல் இழை தொடங்கியாயிற்று. நீங்கள்தானே போன மாதம் வாழை மரம் மரமே இல்லை என்று மூன்று நாள் சண்டை போட்டவர்? எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது என்ன, கொத்தமல்லியா?

கோணமானி | 9.05
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடிகாரத்தில் 12 அடிப்பது உச்சி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. தஞ்சை சுமார் 79.1 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம். ஆக, பதின்மூன்று நிமிடம் தள்ளித்தான் தஞ்சைக்கு உச்சி. அதற்கு மேல் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஆடும். நவம்பர் தொடக்கத்தில் 11.57க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.28 வரை போகும். டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 12.15.

அதாவது நுணல் ஓடிப்போய் நின்றது சரியாக உச்சி வேளை.

நுணல் | 9.07
இந்தப் பதிவைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மேலவீதி முழுக்க ஒட்டலாம்.

மேலவீதிக்காரர் | 9.20
ராஜராஜன் காலத்தில் கைக்கடிகாரம் கிடையாது. இந்திய நேரமும் கிடையாது.

கோணமானி | 9.24
அதைத்தான் நானும் சொன்னேன்.

பருத்திப்பால் | 9.41
மதுரையிலிருந்து ஒரு சந்தேகம். விமானத்தின் நிழலா, கலசத்தின் நிழலா? நான் சின்ன வயதில் கேட்டது கலசம் மட்டும்தான். என் தோழி கேட்டது கோபுரம். எதைச் சொல்கிறார்கள் என்று யாராவது முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே.

சோழமண்டலம்1010 | 9.44
எல்லாமும்தான்.

கோணமானி | 10.30
சிற்றுண்டி முடித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தஞ்சை 10.8 டிகிரி வடக்கு அட்சரேகை. விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். அடிப்பகுதி ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர்.

டிசம்பர் 21 உச்சியில் சூரியன் தலைக்கு மேலிருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். கலசத்தின் நிழல் நடுவிலிருந்து வடக்கே 45 மீட்டரில் விழும். அதில் 15 மீட்டர் கட்டடத்துக்குள் போய்விட்டால், சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் வடக்குப் பக்கத்தில் மீதி 30 மீட்டர். நூறு அடி நிழல். பாட்டி தாராளமாகக் காலை நீட்டலாம்.

ஆனால் மார்ச் 21இல் அதே கணக்கு 12.6 மீட்டர்தான் வருகிறது. ஜூன் 21இல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே 14.8 மீட்டர். இரண்டும் 15க்குள். ஏறக்குறைய மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, உச்சி நேரத்தில் மட்டும், கலசத்தின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடும், தரைக்கு வராது. கதை இங்கிருந்துதான் முளைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலவீதிக்காரர் | 10.33
வராது! "தரைக்கு வராது!" அவரே எழுதிவிட்டார். இழையைப் பூட்டலாம்.

நுணல் | 10.36
"ஏறக்குறைய", "உச்சி நேரத்தில் மட்டும்", "கலசத்தின்". இந்த மூன்றையும் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறார் ஐயா. டிசம்பரில் நூறு அடி என்பது கண்ணில் படவில்லையா?

இன்னொன்று. விமானம் அடியிலிருந்தே கூம்பாக எழவில்லை. கீழ் இரண்டு தளமும் செங்குத்துச் சுவர். சூரியன் ஒரு டிகிரி சாய்ந்தாலும் அந்தச் சுவரோரம் நிழல் விழத்தான் செய்யும். சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிற நாள் வருடத்தில் இரண்டுதான்.

கோணமானி | 10.41
ஆமாம். தஞ்சைக்கு ஏப்ரல் 18ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 25ஐ ஒட்டி இன்னொன்று. அன்றைக்கு உச்சியில் உங்கள் வீட்டு விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்தினாலும் அதற்கும் நிழல் விழாது.

சோழமண்டலம்1010 | 10.43
பெரிய கோயிலை விளக்குமாற்றோடு ஒப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோணமானி | 10.44
ஒப்பிடவில்லை. சூரியன் ஒப்பிடுகிறது.

சோழமண்டலம்1010 | 10.46
மன்னிப்பு.

நுணல் | 11.02
சோழமண்டலத்தாரிடம் ஒரு கேள்வி. அந்த 80 டன் *ஒரே கல்*லை யார் எடை போட்டது? உச்சியில் இருக்கும் அந்தச் சிகரம் ஆரஞ்சுச் சுளை அடுக்கியது போலப் பல கற்களைச் சேர்த்து அமைத்தது. தஞ்சையில் கருங்கல் மலை கிடையாது. அவ்வளவு கருங்கல்லையும் வெளியூரிலிருந்து கொண்டுவந்து, செதுக்கி, மேலே ஏற்றினார்கள். அதுவே மலைப்பாக இல்லையா? அதன் மேல் எதற்குப் பொய் முலாம்?

சோழமண்டலம்1010 | 11.09
அப்படியானால் சாரப்பள்ளம் என்று ஓர் ஊர் எதற்கு? அங்கிருந்து சாரம் கட்டித்தானே கல்லை உருட்டி ஏற்றினார்கள்? ஊர்ப் பெயரும் பொய்யா?

பருத்திப்பால் | 11.15
எங்கள் பக்கம் ஆனைமலை இருக்கிறது. யானையா அது?

மேலவீதிக்காரர் | 11.20
பேச்சை மாற்ற வேண்டாம். நிழல். உச்சி வேளை. விழாது. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன்.

நுணல் | 11.34
ஐம்பது வருடத்தில் ஒரு டிசம்பர் மதியம்கூட உள்ளே போகவில்லையா? மதியம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், காலை எட்டு மணிக்கு விமானத்துக்குப் பின்னால், கருவூரார் சன்னதிப் பக்கம் போய்ப் பாருங்கள். முழு விமானமும் தரையில் படுத்துக் கிடக்கும்.

உள்ளூர்க்காரர் சொல்வது வேதம் என்கிறீர்கள். இதே உள்ளூர்க் கதைதான் கோயிலைக் கட்டியது கிருமிகண்ட சோழன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ராஜராஜன் பெயரையே ஊர் மறந்திருந்தது. 1886இல் ஹூல்ஷ் என்கிற ஜெர்மானியர் வந்து கல்வெட்டைப் படித்த பிறகுதான் யார் கட்டியது என்பதே ஊருக்கு உறுதியாயிற்று. இத்தனைக்கும் எழுத்து சுவர் முழுக்க இருந்தது, தினமும் பிரதட்சிணம் வந்த ஊர்தான். "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று அக்காளை விடாமல் எழுதிவைத்த மனிதன். குஞ்சரமல்லன் என்கிற பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயர் இருக்கிறது. இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள் கலசத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தது வரை இருக்கிறது. இத்தனை எழுதியவன் "நிழல் விழாமல் கட்டினோம்" என்று ஒரு வரி எழுதியிருக்க மாட்டானா?

மேலவீதிக்காரர் | 11.40
ஜெர்மன்காரன் சொன்னால் சரி, மேலவீதிக்காரன் சொன்னால் தப்பு. இதுதான் உங்கள் அறிவு.

நுணல் | 11.41
ஜெர்மன்காரர் படித்தார் ஐயா. சொன்னது ராஜராஜன்.

சும்மா_ஒருத்தன் | 11.58
நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பதாவது உண்மையா? பட்டியலில் பத்தொன்பதாவது.

நுணல் | 12.03
இப்போது இருக்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. ராஜராஜன் அதைப் பார்த்ததே இல்லை. கல் வளராது. இந்தப் பட்டியல்தான் வருடா வருடம் வளர்கிறது, ஆணி அடிக்க ஆள் இல்லை.

சோழமண்டலம்1010 | 12.06
இப்போது நந்தியும் நம்முடையது இல்லையா?

பருத்திப்பால் | 12.10
மாலையில் விமானத்தின் நிழல் எங்கே விழும் என்று யாரும் சொல்லவில்லையே. கிழக்கே மண்டபத்தின் மேலேதானே? அப்புறம், டிசம்பரில் தரை சுடுமா சுடாதா? எனக்கு அதுதான் முக்கியம், பொங்கல் விடுமுறையில் போகிறோம்.

மேலவீதிக்காரர் | 12.12
சுடாதம்மா. வாருங்கள்.

நுணல் | 12.13
சுடும். சாக்ஸ் கொண்டுபோங்கள். சுட்டால் வடக்குப் பக்கம் நிழல் இருக்கிறது.

மேலவீதிக்காரர் | 12.50
நேரில் போய்விட்டு வந்தேன். படம் இணைத்திருக்கிறேன். கடிகாரத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். விமானத்தின் உச்சி தெரிகிறது, நிழல் எங்கே? காட்டுங்கள்.

நுணல் | 12.58
ஐயா, நீங்கள் எடுத்திருப்பது தெற்குப் பக்கம். சூரியன் இப்போது தெற்கே இருக்கிறது, நிழல் கோயிலுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது. விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டு முதுகுப் பக்க நிழலைக் காணோம் என்கிற மாதிரி. வடக்கே ஒரு சுற்று சுற்றி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

மேலவீதிக்காரர் | 1.04
வடக்கே போகவில்லை. வெயில்.

கோணமானி | 1.05
…

நுணல் | 1.06
வெயில் தாங்காவிட்டால் ஒதுங்க வேண்டிய இடமே வடக்குதான் ஐயா!!!

சோழமண்டலம்1010 | 1.15
ஒரு பெரியவரை இப்படிக் கிண்டல் செய்வது நம் பண்பாடா? கோணமானி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மேலவீதிக்காரர் | 1.22
விடு தம்பி. ஏப்ரல் 18 வரட்டும், உச்சிக்கு நானே நடுப் பிராகாரத்தில் நின்று படம் எடுத்துப் போடுகிறேன். அன்றைக்கு இந்த இழையை மேலே கொண்டுவந்து வைப்பேன். வாழையை மரம் இல்லை என்றவருக்கு நிழலை நிழல் என்று எப்படித் தெரியும்?

நுணல் | 1.25
ஏப்ரல் 18 வேண்டாம். டிசம்பர் 21. துணிச்சல் இருந்தால்.

வாழை விஷயம்: நீங்கள் தண்டு என்று நினைப்பது இலைகளின் அடிப்பாகம் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டது. உரித்துப் பார்த்தால் பட்டை பட்டையாக வரும். தொல்காப்பியக் கணக்குப்படி வெளியே வைரம், அதாவது கெட்டியான பகுதி, இருந்தால் புல், உள்ளே வைரம் இருந்தால் மரம். தென்னையும் பனையுமே புல் வகைதான். வாழைக்கு உள்ளேயும் வைரம் இல்லை, வெளியேயும் இல்லை.

பருத்திப்பால் | 1.29
பனை புல்லா? எங்கள் தாத்தா பனை ஏறினவர். அவரைப் புல் ஏறினவர் என்று சொன்னால் எழுந்து வருவார்.

சும்மா_ஒருத்தன் | 1.31
அப்போ மூங்கில்?

நுணல் | 1.33
மூங்கில் புல்தான். அதில் யாருக்கும் சண்டையே இல்லை.

மேலவீதிக்காரர் | 1.35
எனக்கு இருக்கிறது.

நெறியாளர் | 2.10
வாழை, பனை, மூங்கில் தொடர்பான பதிவுகள் "தாவரங்கள்" பகுதிக்கு மாற்றப்படுகின்றன. இங்கே தலைப்பை ஒட்டி எழுதவும்.

நுணல் | 2.18
நெறியாளர் கவனத்துக்கு: 1.25 பதிவில் முதல் வரி டிசம்பர் 21 பற்றியது. அதையும் சேர்த்துத் தாவரங்கள் பகுதிக்கு அனுப்பிவிட்டீர்கள். இப்போது படிக்கிறவர்களுக்கு நான் ஏப்ரலுக்கு ஒத்துக்கொண்டது போலத் தெரியும். திருப்பிக் கொண்டுவரவும்.

மேலவீதிக்காரர் | 2.20
ஒத்துக்கொண்டாயிற்று. ஏப்ரல் 18.