விபூதிப் புதன் அன்று எங்கள் வீட்டுக் குழுவில்

*புதன்*

நான் (மாலை 6:12): அண்ணா, அண்ணி, நேரமிருந்தால் இதைப் பாருங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து இன்னும் சாப்பிடவில்லை. அறைக்குள் இருந்து அழுகிறாள்.

அண்ணி (6:14): ஐயோ, என்ன நடந்தது?

நான் (6:19): அவளுடைய சிநேகிதி காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வகுப்புக்கு வந்திருக்கிறாள். இவள் வழக்கம்போலத் திருநீறு. கிறிஸ்தவ சபைக்குப் போகிற இன்னொரு பிள்ளை இரண்டு பேரையும் பார்த்து, "சாம்பல் பூசி ஒன்றும் நடக்காது, கல்லைக் கும்பிடுகிறவர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள்" என்றாளாம். இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள் சாமியால் தன்னையே காப்பாற்ற முடியவில்லையே" என்று சொல்லிவிட்டாள்.

நான் (6:20): சொன்னது ஒருத்திக்கு, பட்டது மற்றவளுக்கு. சிநேகிதி பேசாமல் எழும்பிப் போய் வேறு வாங்கில் இருந்துவிட்டாள். இடைவேளைக்கும் வரவில்லை. போன கந்தசஷ்டிக் கடைசி நாள் இவள் உபவாசம் இருந்தபோது, இவளுக்கு முன்னால் சாப்பிடமாட்டேன் என்று தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்த பிள்ளை அது.

அண்ணி (6:31): தவக்காலம் இன்றுதான் தொடங்குகிறது. கத்தோலிக்கரான நாங்கள் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரைக்கும் சிலுவையைத்தான் நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் அந்தப் பிள்ளைக்கு நன்றாக நொந்திருக்கும். பிள்ளைக்குச் சொல், அவள் சொன்ன வசனம் புதிதில்லை. சிலுவையடியில் நின்றவர்கள் அதையே சொல்லிச் சிரித்தார்கள் என்று நற்செய்தியில் இருக்கிறது. இறங்க முடியாமல் இல்லை, எங்களுக்காக இறங்காமல் இருந்தார் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. குருநகரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அம்மா சொல்லித் தந்தது.

பெரியண்ணா (6:48): இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிக்கிறார்கள். வாணி விழாவுக்கு அவள் கோலம் போடுகிறாள், ஒளி விழாவுக்கு இவள் பாட்டுப் பாடுகிறாள். ஆனால் சமய பாடத்துக்கு மணி அடித்தால் ஒருத்தி சைவநெறிக்கு, மற்றவள் கத்தோலிக்கத்துக்கு என்று வேறு வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் இப்படித்தான். அவரவர் சமயத்தைப் படிக்கத்தான் வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறவள் என்ன படித்தாள் என்று கேட்க ஒரு நேரம் வேண்டாமா? நான் படிப்பித்த காலத்தில் அதைச் செய்யவில்லை என்ற மனக்குறை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பெரியண்ணா (6:57): ஆறுமுக நாவலரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல். நல்லூரில் 1822இல் பிறந்த சைவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே படிப்பித்தவர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், மிஷனரிமாரைக் கடுமையாக எதிர்த்தும் எழுதினார். ஆனால் அவர் வேதாகமத்தை வரி வரியாகப் படித்தவர். எங்கள் பிள்ளை எங்கேயோ கேட்ட ஒரு வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

நான் (7:03): சரி அண்ணா. ஆனால் கல்லைக் கும்பிடுகிறாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வது? அதற்கும் பதில் வேண்டுமே. அவளுக்கும் நொந்ததுதானே.

பெரியண்ணா (7:11): ஓம், நொந்ததுதான். வீட்டில் செய்வதையே சொல்லட்டும். பூசைக்கு மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கிறோம், அறுகம்புல் வைத்துக் கும்பிடுகிறோம், முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். மஞ்சள்தான் கடவுள் என்றால் கரைக்க மனம் வருமா? எங்கும் இருக்கிறவரை நாங்கள் கும்பிட வசதியாக ஓரிடத்தில் வந்திருக்கும்படி கேட்கிறோம். இதைக் கோபமில்லாமல் சொல்லலாம்.

சின்னண்ணா, ரொறன்ரோ (7:40): இப்போதுதான் எழும்பி வாசித்தேன். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990இல் எனக்கும் பிள்ளையின் வயதுதான். முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருவிலிருந்து வந்த ஒருவன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் போவான். நோன்பு நாளில் தண்ணீரும் குடிக்கமாட்டான். அவன் சமயத்தைப் பற்றி நாங்கள் பகிடி பண்ணியதில்லை, அதனால் நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே என்ன ஓதுவாய் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

சின்னண்ணா (7:43): ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை. பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளை அழாமல் நாளைக்கே போய்க் கதைக்கட்டும். அவளுடைய சிநேகிதி அடுத்த வாங்கில்தான் இருக்கிறாள்.

நான் (8:25): அம்மாவின் போனில் நான்தான் எழுதுகிறேன், மாமி. எல்லாவற்றையும் வாசித்தேன். அப்படிச் சொன்னது பிழை. அந்தச் சாம்பல் எங்கேயிருந்து வருகிறது?

அண்ணி (8:29): போன வருடம் குருத்து ஞாயிறுக்குக் கொடுத்த ஓலைகளை எரித்து எடுக்கிற சாம்பல், ராசாத்தி. பூசும்போது, நீ மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று பூசை வைக்கிற சுவாமியார் நினைவூட்டுவார். உங்கள் திருநீறும் அதைத்தானே சொல்கிறது?

பெரியண்ணா (8:33): ஓம், எல்லாம் கடைசியில் ஒரு பிடி நீறு. அதோடு சிவனின் அருளும் என்கிறோம். பாண்டியனின் வெப்பு நோய்க்குச் சம்பந்தர் திருநீற்றைத்தான் பூசினார். அங்கே இரண்டு சமயமும் வேறு வழியில் போகிறது, அதையும் மறைக்கத் தேவையில்லை.

*வியாழன்*

நான் (பிற்பகல் 2:20): மகள்தான், மாமா. காலையில் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த ஓலைச் சாம்பலைப் பற்றி நான் கேட்டதும் கதைக்கத் தொடங்கிவிட்டாள். நரகம் என்று சொன்ன பிள்ளை இன்று வரவில்லை. திங்கட்கிழமை அவளிடம், எப்படிச் சபைக்குப் போகத் தொடங்கினீர்கள் என்று கேட்கப் போகிறேன். எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, ஆனாலும் கேட்பேன்.

நான் (2:22): அம்மம்மா, உங்கள் திருநீறு எப்படிச் செய்வது என்று சிநேகிதி கேட்டாள். சாணி என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அம்மா (குரல் பதிவு, 2:51): பசுச் சாணியை உருட்டிக் காயவைத்து, உமிக்குள் வைத்து மூட்டம் போட்டு நீற்றுகிறது, குஞ்சு. சிவராத்திரிக்கு நீற்றியது குட்டானில் இருக்கிறது, வறட்டியும் நாலைந்து மிச்சம் கிடக்கு. சனிக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. தாயிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு வரவேணும், சரியோ.

அண்ணி (2:58): தாயிடம் நான் கதைக்கிறேன். கோயிலில் கண்டு பழக்கம்.