புதுப்பிப்பு: என்ஜின் மாற்றிய என் பழைய கார்

அதே மாடலின் பழைய என்ஜினைப் பொருத்திவிட்டேன், ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். "அதே மாடல்தானே, விடுங்கள்" என்றார்கள் பலர். நல்லவேளை, அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

என்ஜின் எண் ஆர்.சி.யில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. முன் அனுமதியின்றி மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதினோராம் நாள் போய் நின்றேன். ஆய்வாளர் முதலில் கேட்டது என்ஜின் வாங்கிய ரசீதை. பிறகு என்ஜினில் பொறித்திருந்த எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எட்டா, மூன்றா என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகுதான் எட்டு தெளிந்தது. காப்பீட்டுக்கும் புது எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பெட்ரோல் காரில் டீசல் என்ஜின் வைக்கக் கேட்ட நண்பரே, அனுமதி கைக்கு வரும்வரை ஸ்பானரைத் தொடாதீர்கள். அதே சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.