ஓவியப் போட்டிக்குக் கட்டும் பணம் காட்டுக்குப் போய்ச் சேருமா?

பாளையங்கோட்டை ஓவிய ஆசிரியை:
வணக்கம். அருகிவரும் உயிரினங்களைக் காக்க நிதி திரட்டுவதாக அறிவிக்கும் வெளிநாட்டு ஓவியப் போட்டிகளுக்குப் படம் அனுப்ப என் மாணவியர் சிலர் விரும்புகின்றனர். நுழைவுக் கட்டணம் அவர்கள் வீட்டு நிலைக்குச் சிறிய தொகை அன்று. அந்தப் பணம் எவ்வழியில் பாதுகாப்புப் பணிக்குச் செல்கிறது, நம் மலையிலிருந்து எந்த விலங்கை வரையச் சொல்லலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அம்பாசமுத்திரம் வாசகர்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இவ்வகையில் மிகப் பழையது அமெரிக்காவின் டக் ஸ்டாம்ப், அதாவது நீர்ப்பறவை வேட்டைக்கான அரசு முத்திரை வில்லை. 1934இல் தொடங்கிய அந்த வில்லைக்கான படத்தை 1949 முதல் திறந்த போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வென்றவருக்கு அரசு ரொக்கப் பரிசு எதுவும் தருவதில்லை. நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்லும் பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அந்த வில்லையை வாங்கியாக வேண்டும் என்று சட்டம் இருப்பதாலும், விற்பனையில் டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செல்வதாலும்தான் அந்தத் திட்டம் இத்தனை காலம் பயன் தந்துவருகிறது. படம் அதன் முகம். பணம் வருவது கட்டாய விற்பனையிலிருந்து. போட்டி அந்நாட்டினருக்கு மட்டுமே உரியது என்றாலும், பிற போட்டிகளை எடைபோட இதுவே நல்ல அளவுகோல்.

பிரிட்டனில் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் வேறு வழியில் சென்றார். அவர் வரைந்த புலிப் படத்தின் அச்சுப் பிரதிகளை விற்று, 1973இல் இந்தியப் புலிகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். அவர் 1984இல் நிறுவிய அறக்கட்டளை நடத்தும் ஆண்டுப் போட்டியில், கண்காட்சிக்குத் தேர்வாகும் படங்களின் விற்பனையும் நிதிக்கு உதவுகிறது. ஆகவே, விற்பனைத் தொகையில் எத்தனை பங்கு எந்தக் காட்டுக்குச் செல்கிறது என்று விதிமுறையில் எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லாமல் கட்டணம் மட்டும் கேட்டால் விலகிவிடுங்கள்.

களக்காடு பறவை நோக்கர்:
அம்பை அண்ணாச்சி பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் விலங்குக்கு வருகிறேன். களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமானதாலோ என்னவோ, இங்கே எல்லாப் பிள்ளைகளும் புலியையே வரைகிறார்கள். சிங்கவால் குரங்கை வரையச் சொல்லுங்கள். உடலும் முகமும் கறுப்பு. முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி. வால் நுனியில் மட்டும் சிறு குஞ்சம். பிடரி இல்லாமல், தலை பழுப்பாக, வால் மிக நீளமாக இருந்தால் அது கருமந்தி. இரண்டையும் குழப்பிய படங்களைப் பரிசு பெற்ற வரிசையிலேயே பார்த்திருக்கிறேன். தரையில் உட்கார வைக்காமல், முள் அடர்ந்த காய்கள் கிளையிலேயே ஒட்டிக் காய்க்கும் வெடிப்பலா மரத்தின் உச்சியில் வையுங்கள். இந்த மழைக்காட்டில் அந்தக் குரங்கின் முக்கிய உணவு அதுதான். உயரத்தில் கிளைகள் கூடி நிற்கும் விதான மரங்கள் தொடர்ந்து இருந்தால்தான் குரங்கு இடம்பெயர முடியும் என்பதால், மரத்தைச் சரியாக வரைந்தாலே அதன் ஆபத்தும் படத்தில் வந்துவிடும்.

வரையாடு என்றால் கொம்பைக் கவனியுங்கள்: முறுக்கு இல்லாமல் பின்னோக்கி வளையும், பெட்டைக்கும் உண்டு. இணையப் புகைப்படத்தை அப்படியே பார்த்து வரைந்தால் உரிமைச் சிக்கல் வரும். திருவனந்தபுரம் விலங்குக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்று நேரில் கோட்டோவியம் போட வைப்பது நல்லது.

நாங்குநேரி வாசகர்:
எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. லண்டன் கண்காட்சிக்குப் படத்தைச் சட்டகம் போட்டு அனுப்பும் செலவில், பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு ஒரு வகுப்பையே பேருந்தில் அழைத்து வரலாம். ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுவதால், கூட்டை நெருங்காமல் தெருவில் நின்றே வரைய முடியும்.

பாளையங்கோட்டை ஓவிய ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. முதலில் கூந்தன்குளம் போகிறோம். நிதிப் பங்கை வெளிப்படையாக எழுதியிருக்கும் ஒரே ஒரு போட்டிக்கு மட்டும், சிங்கவால் குரங்குப் படங்களை அனுப்ப முடிவு செய்திருக்கிறோம். காய்ந்த வெடிப்பலாக் காய் எவரிடமாவது இருந்தால், மாணவியர் பார்த்து வரைவதற்கு ஒன்று தந்து உதவுங்கள்.