உவரேற்றம்: ஆற்றில் உப்பு ஊடுருவுகிறதா, ஏறுகிறதா?

அன்பர்களே, வணக்கம்.

கடல்நீர் ஆற்றுக்குள் வருவதையும் 'உவர்நீர் ஊடுருவல்' என்றே எழுதி வருகிறோம். நிலத்தடி நீருக்கு அது சரி, ஆற்றுக்கு வேறு சொல் வேண்டும். மண்ணின் துளைகளுக்குள் நுழைந்து பரவுவதுதானே ஊடுருவல்? ஆற்றில் கடலைத் தள்ளி நிறுத்துவது மண் அல்ல, மேலிருந்து வரும் நன்னீர். வறட்சியில் அந்த வரத்து தளர்கிறது. கடல்மட்டமோ 1901க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரியில் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் ஓதத்தோடு, அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்கும் அலைவோடு, உப்பு ஆற்றில் மேலே வரும். மலேசியாவின் மேற்குக் கரையில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் "உப்புத்தண்ணி ஏறிருச்சு" என்றுதான் பேச்சு. ஆகவே 'உவரேற்றம்'. வினை, உவரேறு. உப்பு எட்டிய இடம், உவரேறு எல்லை.

---

> ஆகவே 'உவரேற்றம்'.

ஐயா, 'மின்னேற்றம்' போல யாரோ உப்பை ஏற்றுவதாகப் படாதா? 'உவர் ஆப்பு' இன்னும் தெளிவு. கடல்நீர் கனமானது, நன்னீருக்கு அடியில் ஆப்பாகச் செருகிக்கொண்டு போகிறது. 2023இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் அதை மறிக்கத்தான் நீருக்கடியில் கரை எழுப்பினார்கள்.

---

> 'உவர் ஆப்பு' இன்னும் தெளிவு.

மிசிசிப்பிக்குச் சரி, அக்கா. அங்கே ஓதம் சிறிது, ஆறு பெரிது, அடுக்கு கலையாது. நம் மேற்குக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோதத்தன்று நீர் மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்குகிறது. அந்தக் கலக்கலில் ஆப்பு நிலைப்பது அரிது. ஆப்பை உவரேற்றத்தின் ஒரு வகையாக வைப்போம். 'விலையேற்றம்' என்றால் விலை தானே ஏறுவதாகத்தான் கொள்கிறோம். அந்த வழக்கு இதற்கும் போதும்.

அளப்பவருக்கும் இந்தச் சொல் உதவும். 'ஏறுகிறது' என்றால் எதுவரை, எப்போது என்ற கேள்வி உடனே வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், ஓதம் உச்சத்தில் நின்று திரும்பும் வேளையில் மின்கடத்துமானியை (நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் கொண்டு உப்பைக் காட்டும் கருவி) இறக்க வேண்டும்: மேற்பரப்பில், நடுவில், அடிமண்ணுக்கு அரை மீட்டர் மேலே. கலங்கிய ஆற்றிலும் அடியில் உப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மேல்நீரை மட்டும் மொண்டு பார்த்தால் உவரேறு எல்லையைக் கடல்பக்கமாகத் தள்ளிக் குறித்துவிடுவோம்.

அந்தப் பிழை குடிநீரில் வந்து நிற்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு, நாக்குக்கு 250 மி.கி.யிலேயே கரிக்கத் தொடங்கும். 75 வாளி ஆற்றுநீரில் ஒரு வாளி கடல்நீர் போதும். படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் எதுவும் உப்பை நீக்காது. ஓதம் இறங்கும்வரை பம்பை நிறுத்துவது ஒன்றே கைக்கெட்டும் வழி.

---

ஏற்கிறேன், ஐயா. கூடவே இன்னொரு சொல்: தோட்டத்து வாய்க்கால் முகப்பில் உள்ள நீர்க்கதவை மலாயில் 'பிந்து ஆயர்' என்கிறார்களே, அதற்கு 'ஓதக்கதவு'. கடல்பக்கம் நீர் உயர்ந்தால் தானே சாத்திக்கொள்ளும் பலகைக்கு 'மடல்'. கீல் துருப்பிடித்தாலோ, செம்பனை மட்டை ஒன்று இடுக்கில் சிக்கினாலோ மடல் முழுக்கப் படியாது. அந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக வாய்க்கால் ஓர் இரவில் உவரேறிவிடும். 'மடல் படிதல்' என்பதையும் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.