தைராய்டு குறைவு: இயற்கை மருத்துவத்தை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 34. ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு குறைவுக்காக நான்கு ஆண்டுகளாகத் தைராக்சின் 50 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துவருகிறேன். காலை ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கி, கையோடு காபி குடிப்பேன். எட்டு மணிக்குச் சிற்றுண்டியும் கால்சியம் மாத்திரையும். சென்ற மாதம் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் இயக்குநீர், அதாவது ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) அளவு 9.4 என வந்தது. முடி கொட்டுகிறது, அசதி தீரவில்லை. இரண்டாவது குழந்தைக்காகவும் காத்திருக்கிறோம். அண்மையில் நான் சென்ற ஓர் இயற்கை மருத்துவ முகாமில், மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, கொத்தமல்லி விதை ஊறிய நீர், பச்சை முட்டைக்கோஸ் சாறு, கம்பங்கூழ், சமையலுக்கு இந்துப்பு, சர்வாங்காசனம் ஆகியவற்றைப் பின்பற்றச் சொன்னார்கள். செய்யலாமா?

மறுமொழி 1

சகோதரி, யோகா மற்றும் இயற்கை மருத்துவத்தில் பட்டம் பெற்றுப் பணியாற்றுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஹாஷிமோட்டோவில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. சுரப்பி தர இயலாத இயக்குநீரைத்தான் மாத்திரை ஈடுசெய்கிறது. அந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும் என்பதால், நிறுத்திய முதல் சில வாரங்களில் பலருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. அந்த நலத்தைக் கொத்தமல்லி நீருக்கு வரவு வைத்துவிடுகிறார்கள். டி.எஸ்.எச். ஏறுவது பின்னரே தெரியவரும். கருவுற்றால் முதல் மூன்று மாதங்களில் சிசு பெரிதும் தாயின் தைராய்டு இயக்குநீரையே சார்ந்திருக்கிறது. ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே அளவைச் சீராக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்துப்பு. முன்கழுத்துக் கழலையைத் தடுக்க நம் நாட்டில் 1962-இல் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்க்கும் வழக்கத்தைப் பரப்பினோம். இந்துப்பிலும் சாதாரணக் கல் உப்பிலும் அந்த அளவு அயோடின் இருப்பதில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும் கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை. அதற்காகக் கடற்பாசி மாத்திரைகளை வாங்கி விழுங்கவும் வேண்டாம். மிகையான அயோடின் ஹாஷிமோட்டோவை மோசமாக்கக்கூடும். அயோடின் கலந்த உப்பை அளவாகச் சேர்த்தாலே போதும்.

முட்டைக்கோஸைப் பொரியலாகச் செய்து உண்ணலாம். வேகவைக்கும்போது, தைராய்டின் வேலையைத் தடுக்கும் அதன் தடைப்பொருள் பெரிதும் குறையும். நாள்தோறும் பச்சைச் சாறாகக் குடிப்பதுதான் தவறு. கம்பில் உள்ள தடைப்பொருளோ சமைத்தாலும் போவதில்லை. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முதன்மை உணவாகக் கொண்டவர்களிடையே கழலை மிகுந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக ஆய்வுகளில் சுட்டப்பட்டுள்ளது. வாரத்தில் ஓரிரு நாள் கூழ் குடிப்பதில் அச்சமில்லை. தினசரி உணவாக வேண்டாம்.

மறுமொழி 2

நானும் இதே நோயுடன் பதினோரு ஆண்டுகளாக வாழ்பவள். தங்கள் கேள்வியில் இருக்கும் காபியும் கால்சியமும்தான் என் கண்ணில் முதலில் பட்டன. இரண்டுமே மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். நான் கால்சியத்தை மதிய உணவோடு எடுக்கத் தொடங்கிய பின்னரே, மருந்தின் அளவைக் கூட்டாமலேயே, என் டி.எஸ்.எச். இறங்கியது. ஆனால் கருத்தரிக்கத் திட்டமிடும் தாங்கள் அவ்வாறு காத்திருக்காமல், அளவைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

மறுமொழி 3

முகாம்காரர்கள் சொல்லாவிட்டாலும் அடுத்து யாரேனும் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணத்தைப் பரிந்துரைப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். என் தங்கை மாத்திரையோடு அதையும் சேர்த்து எடுத்தாள். இரண்டு மாதங்களில் படபடப்பும் கை நடுக்கமும் வந்து, டி.எஸ்.எச். இயல்பை விட மிகவும் தாழ்ந்துவிட்டது. அமுக்கரா தைராய்டு இயக்குநீரின் அளவை உயர்த்தக்கூடியது. கர்ப்ப காலத்திலும் அதைத் தவிர்க்க வேண்டும். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை எடுக்கிறீர்களா? ஆம் எனில், பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அது பரிசோதனை முடிவையே பிறழச் செய்யும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பயோட்டின் எடுக்கிறேன், அது இப்படிச் செய்யும் என்று எவரும் இதுவரை சொன்னதில்லை. நாளை முதல் காபி ஏழு மணிக்குத்தான். கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கும் எனக்குச் சர்வாங்காசனம் ஏற்றதா?

மறுமொழி 1

வேண்டாம். அந்த ஆசனத்தில் கழுத்தின் மீது பாரம் இறங்கும். உயர் இரத்த அழுத்தமும் கண் நீர் அழுத்தமும் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. சுவரில் கால்களைச் சாய்த்துப் பத்து நிமிடம் படுத்திருங்கள். மாலையில் அரை மணி நேரம் நடங்கள். மலச்சிக்கல் இருந்தால் கீரையும் கொய்யாவும் உதவும். மாற்றங்களைத் தொடங்கிய நாளைக் குறித்துவைத்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கிடையில் நாள் தள்ளிப்போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.