‘யவனிகா’வை நம் ஆட்கள் ஏன் கண்டுகொள்ளவே இல்லை?

வேலந்தாவளத்துக்காரன் கேட்டது:

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவன் நான். ஊர் கேரள எல்லையில், வேலை கோயம்புத்தூரில், தினமும் செக்போஸ்ட் தாண்டிப் போய் வருகிறேன். போன வாரம் கே.ஜி. ஜார்ஜ் இயக்கிய ‘யவனிகா’ (1982) என்ற மலையாளப் படம் பார்த்தேன். ஒரு நாடகக் கம்பெனியில் தபலா வாசிக்கும் அய்யப்பன் திடீரென்று காணாமல் போகிறான். போலீஸ் வருகிறது, ஒவ்வொருவராக விசாரிக்கிறது. கதை இவ்வளவுதான். ஆனால் பார்த்து முடித்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆபீஸில் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பரதன் என்றால் ‘தேவர் மகன்’ என்கிறார்கள். பாசில் என்றால் ‘பூவே பூச்சூடவா’. ஜார்ஜ் என்றால், யாருப்பா அது? இந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது, இவருடைய படங்களில் அடுத்து எதைப் பார்ப்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொலையாளி யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தங்கச்சி இன்னும் பார்க்கவில்லை.

மைக்செட் அண்ணன் எழுதியது:

தம்பி, ஆபீஸ் ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜார்ஜ் தமிழில் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இங்கே வந்து ஒரு ஹிட் கொடுத்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நான் கொழிஞ்சாம்பாறையில் மைக்செட் வைத்திருந்தவன். திருவிழா சீசனில் தெற்கே இருந்து நாடகக் கம்பெனி வேன்கள் வரும். கூரை மேல் மரச்சட்டம், சுருட்டிய படுதா, உள்ளே ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூக்கம். வாத்தியக்காரர்கள் மேடைக்கு ஓரமாக உட்காருவார்கள். ஆர்மோனியத்துக்கு ஒரு மைக், தபலாவுக்கு ஒன்று. அவற்றை வைக்கப் போகிற சாக்கில் படுதாவுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் என் கண்ணில் படும்.

ஒரு கம்பெனி வந்திருந்தபோது கதாநாயகியாக நடிக்கிற பெண்ணுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மேக்கப் போடுகிறவர் ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் பவுடர் அப்பினார். முதலாளி பார்த்தார், திரும்பிக்கொண்டார். எங்கள் ஊர்க் கமிட்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, “ஒன்பது மணிக்குத் தொடங்கிடுவீங்கல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அடித்தது யார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நாடகம் சரியாக ஒன்பதுக்குத் தொடங்கியது.

‘யவனிகா’ அந்தப் படுதாவுக்குப் பின்னால்தான் நடக்கிறது. மற்ற க்ரைம் படங்களில் ரகசியத்தை ஒருத்தன் ஒளித்து வைத்திருப்பான், போலீஸ் தோண்டி எடுக்கும். இங்கே அய்யப்பன் எப்படிப்பட்ட ஆள் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. குடிப்பான், கம்பெனியில் நடிக்கிற ரோகிணியை அடிப்பான். அவளைக் கம்பெனிக்குக் கூட்டி வந்ததே அவன்தான். அடுத்த ஊருக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, நாடகம் நிற்கக் கூடாது, அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனை பேரின் மௌனம் ஒரு கொலை வரைக்கும் போய் நிற்கிறதே, அதைத்தான் ஜார்ஜ் படமாக எடுத்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

திலகன் செய்த வக்கச்சனைக் கவனித்தீர்களா? கம்பெனி முதலாளி. வில்லன் கிடையாது, நல்லவன் என்றும் சொல்ல முடியாது. வண்டி ஓடணும், அந்தக் கவலை மட்டும்தான். நான் பார்த்த முதலாளிகள் பாதிப் பேர் அச்சாக அதே ஆள். திலகன் நாடகத்திலிருந்து வந்தவர், வசனத்தில் கை வைத்த எஸ்.எல். புரம் சதானந்தனும் நாடகக்காரர். அதனால்தான் அந்த மேடையில் சினிமாவுக்காகப் போட்ட செட் வாடையே இல்லை. திலகனுக்கு இந்தப் படத்துக்காகக் கேரள அரசு விருதும் கிடைத்தது.

அப்புறம் அய்யப்பனாக நடித்த பரத் கோபி. அய்யப்பனைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தபலா முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த ஆள் வேறு. என்னோடு பழகிய வாத்தியக்காரர்களில் இப்படி இரண்டு ஆளாக இருந்தவர்கள் உண்டு. இதற்கு மேல் சொன்னால் உங்கள் தங்கச்சி என்னைத் திட்டும்.

சித்தூர் சுதி எழுதியது:

இசையை யாரும் தொடவே இல்லையே! நான் ஆந்திரா சித்தூர், உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் அல்ல. ‘யவனிகா’வுக்கு இசை எம்.பி. சீனிவாசன். 1925இல் எங்கள் ஊரில் பிறந்த தமிழர். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்தில் ஜெயகாந்தன் எழுதிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இவர்தான். தமிழ் சினிமா அவரை அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை, மலையாளம் எடுத்துக்கொண்டது. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவரும் இவரே.

ஓ.என்.வி. குறுப்பு எழுதி ஜேசுதாஸ் பாடிய ‘சம்பக புஷ்ப’ பாட்டைத் தனியாக ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். கொலைப்படத்தில் இருக்கிற பாட்டு என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். ஒளிப்பதிவு செய்த ராமச்சந்திர பாபுவும் மதுராந்தகத்தில் பிறந்தவர். படத்தைக் கண்டுகொள்ளவில்லை, சரி, அதில் வேலை செய்த நம் ஆட்களையுமா?

பொள்ளாச்சி பால்கனி எழுதியது:

எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்களே என்று நேற்று பார்த்தேன். நடிப்பெல்லாம் சரிதான். ஆனால் நடுவில் இழுவை. கொலையாளி யார் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மம்மூட்டி சப்-இன்ஸ்பெக்டராம், ஒரு சண்டை கிடையாது, ஒரு துரத்தல் கிடையாது. எதிரே ஆளை உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதுவா த்ரில்லர்?

மைக்செட் அண்ணன் எழுதியது:

பொள்ளாச்சிக்காரரே, பாதியில் தெரிந்துவிட்டது என்றால் நல்லதுதான். மீதிப் பாதியில் அந்தக் கொலையாளி தப்பிக்க வேண்டும் என்று நினைத்தீர்களா, மாட்ட வேண்டும் என்று நினைத்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மம்மூட்டி செய்த ஜேக்கப் ஈராளி உட்கார்ந்து கேட்பதுதான் எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்தது. அப்போது அவர் சூப்பர் ஸ்டார் ஆகவில்லை, அதனால் யாரையும் பறக்கவிட்டு அடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒருத்தர் சொல்லச் சொல்லப் பழையது விரியும். அதில் ஒரு அய்யப்பன் வருவான். அடுத்தவர் சொல்லும்போது இன்னொரு அய்யப்பன். ஈராளி எதையும் உடனே நம்புவதுமில்லை, ஒதுக்குவதுமில்லை. நடுவில் கொஞ்சம் தொய்வு இருக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பாட்டுகளில் ஒன்றைக் குறைத்திருக்கலாம். (சித்தூர்க்காரர் சண்டைக்கு வர வேண்டாம்.)

தம்பி, அடுத்து என்ன என்று கேட்டீர்களே. ‘இரகள்’ (1985) பாருங்கள். ரப்பர் தோட்டப் பணக்காரக் குடும்பம், கடைசிப் பையன் கொலைகாரன். யார் கொன்றது என்ற கேள்வியே அதில் கிடையாது. இப்படி ஒரு வீட்டில் இவன் வேறு எப்படி வளர்ந்திருப்பான் என்பதுதான் கேள்வி. நடிகர் கணேஷ் குமாருக்கு அதுதான் முதல் படம், தயாரித்தது சுகுமாரன். 2021இல் இதே மாதிரித் தோட்டக் குடும்பத்துக் கொலைக் கதையான ‘ஜோஜி’ வந்தபோது கேரளத்தில் நிறையப் பேர் இதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ‘யவனிகா’வை விட ஒரு படி மேல் என்பேன். ராத்திரி தனியாகப் பார்க்க வேண்டாம்.

கோடம்பாக்கம் தெரிந்தவர்களுக்கு ‘லேகயுடெ மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்’ (1983). நம் நளினிதான் லேகா. நடிக்க ஆசைப்பட்டு மெட்ராஸுக்கு வருகிற குடும்பம், அங்கே அந்தப் பெண்ணுக்கு நேர்வது. சிரிக்க வேண்டும் என்றால் ‘பஞ்சவடிப்பாலம்’ (1984), நன்றாக இருக்கிற பாலத்தை இடித்துவிட்டுப் புதுப்பாலம் கட்டத் துடிக்கிற பஞ்சாயத்து. பாருங்கள், ‘யவனிகா’வையும் சேர்த்தால் நாலு வருஷத்துக்குள் ஒரே மனுஷன் எடுத்தவை இவை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஜார்ஜ் ‘செம்மீன்’ எடுத்த ராமு காரியாட்டிடம் உதவியாளராக இருந்தவர். 2023 செப்டம்பரில் காலமானார். அன்றைக்கு மலையாளச் சேனல்கள் முழுக்க அவர்தான். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நான் பேசிய யாருக்கும் சேதியே தெரியவில்லை.

வேலந்தாவளத்துக்காரன் எழுதியது:

நன்றிங்க அண்ணா. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மாட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். ‘இரகள்’ ஞாயிற்றுக்கிழமை பகலில். ‘பஞ்சவடிப்பால’த்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். பஞ்சாயத்து மெம்பராக இருந்தவர், என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.